கேக் தட்டில் வந்த ஐஸ்

யுத்தம் முடிந்த மறுவருடம், வைகாசி மாதத்தில் நடந்தது இது. எங்கள் ஊர் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, கொக்கட்டிச்சோலையையும் தாண்டி வயல்களுக்கு நடுவே இருக்கிறது. அப்போது மண்முனையில் பாலம் கட்டியிருக்கவில்லை. பட்டணத்துக்குப் போவதென்றால் இயந்திரம் பூட்டிய மிதவையில் வாவியைக் கடக்க வேண்டும். அதை நாங்கள் ‘பாதை’ என்போம். எங்கள் ஊருக்கு மின்சாரமும் வந்திருக்கவில்லை. இந்த இரண்டையும் முதலிலேயே சொல்லி வைக்கிறேன். பின்னால் என்னைப் படாத பாடு படுத்தியவை இவைதான்.

எனக்குக் கல்யாணம் நடந்தது சுனாமிக்கு அடுத்த வருடம். அதற்குப் பிறகு சண்டை, இடப்பெயர்வு, கூடாரம் என்று காலம் போனது. கூடாரத்தில் இருந்தபோது, “நல்ல காலம் உனக்குப் புள்ள இல்ல” என்று சொன்னவர்கள் உண்டு. ஊருக்குத் திரும்பி வீட்டுக்குக் கூரை போட்டதும் அதே வாய்கள் வேறு மாதிரிப் பேசத் தொடங்கின. நான் பாலர் பாடசாலை ஆசிரியை. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் மூக்குத் துடைத்துவிடுவது என் தொழில். “ஊர்ப் புள்ளைகளப் பாத்தது போதும், உன்ட புள்ளயப் பார் கா” என்று ஒரு தாய் சிரித்துக்கொண்டே சொன்னபோது அவள் மகனின் மூக்கைத் துடைக்காமலே அனுப்பிவிட்டேன். எனக்குக் கோபம் கொஞ்சம் கெதியில் வரும்.

பட்டணத்து ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, கருக்குழாய் இரண்டும் அடைபட்டிருக்கிறது என்றார்கள். கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைக்கும் சிகிச்சைதான் ஒரே வழி, அதுவும் கொழும்பில்தான் செய்யலாம் என்றார்கள். எங்கள் பக்கத்தில் வீடும் வயலும் பெண்பிள்ளைக்குத்தான் வரும். வயல் வட்டையில் எனக்குச் சீதனமாக வந்த வயலில் பாதியை விற்றோம். மற்றப் பாதி சோற்றுக்கு வேண்டும். ஆகவே ஒரு தடவைதான் முடியும், இரண்டாம் தடவை என்ற பேச்சுக்கே இடமில்லை என்று தெரிந்துகொண்டுதான் கொழும்பு பஸ்ஸில் ஏறினோம்.

அங்கே போன பிறகுதான் தெரிந்தது, சிகிச்சைக்கு ஒரு செலவு, அதற்கு முன்னால் போட வேண்டிய ஊசிமருந்துக்கு இன்னொரு செலவு. நாங்கள் கொண்டுபோன காசு முதலாவதற்குத்தான் காணும். என் கணவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். வயல் முழுவதையும் விற்றுவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்தது. எழுந்து போய்விடலாம் என்று அவர் கையைப் பிடித்தேன்.

எங்களைப் பார்த்த டாக்டர் ஒரு சிங்கள மனிதர். எங்களை உட்காரச் சொன்னார். தமிழ் பேசும் நர்ஸ் ஒருவர் பக்கத்தில் நின்று அவர் சொல்வதைச் சொல்லித் தந்தார். பேனா போல வரும் புது மருந்து வேண்டாம், குப்பியில் வரும் பழைய வகை போதும், உங்கள் வயதுக்கு அதே வேலையைச் செய்யும் என்றார். ஸ்கேனுக்காக ஒவ்வொரு முறையும் கொழும்புக்கு வர வேண்டாம், மட்டக்களப்பிலேயே எடுத்து முடிவைத் தொலைபேசியில் சொன்னால் போதும். ஊசிக்காக லொட்ஜில் தங்க வேண்டாம், ஊரில் மிட்வைஃப் போடட்டும் என்றார். இப்படி ஒவ்வொன்றாக அவர் வெட்டிக்கொண்டு வர, என் கணவரின் கை பொத்தானை விட்டது. ஆனாலும் மருந்துக்குக் காசு போதவில்லை.

அப்போதுதான் நர்ஸ் டாக்டரிடம் ஏதோ கேட்டார். அவர் சரியென்று தலையை ஆட்டினார். “உங்கட மட்டக்களப்பு டவுன்லதான் ஒரு அம்மா இருக்கிறா. இதே மருந்து மிச்சமா வச்சிருக்கிறா. யாராவது இல்லாதவங்களுக்குக் குடுங்க எண்டு சொல்லியிருந்தா” என்றார் நர்ஸ். உறை பிரிக்காத பெட்டி, காலாவதித் திகதியும் தாண்டவில்லை, எதற்கும் பெட்டியைக் கையில் எடுத்ததும் அதிலிருப்பதை எனக்கு வாசித்துக் காட்டுங்கள், நான் சரியென்று சொன்ன பிறகு போட்டால் போதும் என்றும் சொன்னார். எனக்கு நம்ப முடியவில்லை. கடையில் சீனியைக்கூட யாரும் சும்மா தரமாட்டார்கள்.

டவுனில் அந்த வீட்டைத் தேடிப் போனோம். போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கியர், கிறிஸ்தவக் குடும்பம். சுனாமிக்கு முன் கடற்கரையோரம் இருந்தவர்கள், அதற்குப் பிறகு உள்ளே தள்ளிக் கட்டிக் கொடுத்த வீட்டில் இருந்தார்கள். நர்ஸ் சொன்ன அம்மாவுக்கு நாற்பதைத் தாண்டிய வயது. கல்யாணச் சட்டை தைப்பதும் கேக் செய்வதும் தொழில். கணவர் தச்சு வேலை. “அன்ரி எண்டு கூப்பிடு புள்ள, எல்லாரும் அப்பிடித்தான்” என்றார். சுவரில் வெள்ளைச் சட்டை போட்ட இரண்டு ஆண்பிள்ளைகளின் படம். படத்துக்குக் கீழே சின்ன விளக்கு எரிந்தது. நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. கடல் வந்த அந்த மார்கழி ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எங்கள் மாவட்டத்தில் யாரும் யாரிடமும் விளக்கம் கேட்பதில்லை.

அன்ரி எங்களுக்குக் கேக் தந்தார், தேத்தண்ணி தந்தார், மறுபடியும் கேக் தந்தார். மருந்தைப் பற்றிப் பேச்சே இல்லை. பாதைக்கு நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கோ உள்ளுக்குள் சினம். தருவதென்றால் தரட்டும், இல்லையென்றால் சொல்லட்டும் என்று நினைத்தேன். கடைசியில் அவருடைய கணவர்தான் மெதுவாக, “எடுத்துக் குடு, அதுகள் தூரம் போகணும்” என்றார். அன்ரி எழுந்து போய் பிரிட்ஜின் முன்னால் நின்றார். கதவில் கை வைத்தபடி நின்றுகொண்டே இருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளைகள் போன பிறகு, இன்னும் ஒன்று பெற்றுவிடலாம் என்று அவர்கள் கொழும்புக்குப் போயிருக்கிறார்கள். பாதியில் டாக்டர் நிறுத்தியிருக்கிறார். வயது இடம் கொடுத்திருக்காது. மிஞ்சிய மருந்து பிரிட்ஜில் இருக்கும்வரை ஏதோ ஒன்று மிச்சம் இருப்பது போல இருந்திருக்கும். கொடுத்துவிடுங்கள் என்று நர்ஸிடம் சொல்வது ஒன்று, கையால் எடுத்துக் கொடுப்பது வேறு. என் சினம் போன இடம் தெரியவில்லை. “வேணாம் அன்ரி, நாங்க வேற வழி பாக்கிறம்” என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் பெட்டியை எடுத்து என் மடியில் வைத்துவிட்டார். காசைப் பற்றிப் பேச என் கணவர் வாயைத் திறந்ததும், “அந்தக் கதைய இஞ்ச கதைச்சா கேக்கத் திருப்பித் தாங்க” என்றார். அழுவாரோ என்று பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் சிரித்துவிட்டோம்.

அவர் வீட்டுத் தொலைபேசியிலேயே கொழும்புக்கு எடுத்து நர்ஸிடம் பெட்டியில் இருந்ததை வாசித்துக் காட்டினோம். எல்லாம் சரி என்றார். ஒன்றே ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்து குளிரில் இருக்க வேண்டும். சூடாகவும் கூடாது, ஐஸில் பட்டு உறையவும் கூடாது.

மின்சாரம் இல்லாத ஊரில் குளிருக்கு எங்கே போவது? என் கணவர் கெட்டிக்காரர். எங்கள் ஊருக்குக் காலையில் மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டு வருபவரிடம் பேசி ஏற்பாடு செய்தார். அவர் தினமும் கொஞ்சம் ஐஸ் தருவார். நாங்கள் அதைப் பையில் கட்டி, குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டியில் போட்டு, அதற்கு மேல் துணியை மடித்து வைத்து, துணியின் மேல் மருந்தை வைப்போம். பெட்டி எங்கள் குசினி மூலையில் இருக்கும். பின்னேரம் மிட்வைஃப் மிஸ் வந்து ஊசி போட்டுவிட்டுப் போவார். இரண்டு மூன்று நாள் எல்லாம் ஒழுங்காக நடந்தது. மீன் வாங்காத நாளிலும் மீன்காரர் எங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து அக்கம்பக்கத்துக்கு மண்டை குழம்பியது. எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்.

ஊசி தொடங்கும் நாளை நாங்கள் தீர்மானிக்க முடியாது, உடம்புதான் தீர்மானிக்கும். கோயில் சடங்கு முடிந்த பிறகுதான் அந்த நாள் வரும் என்று கணக்குப் போட்டிருந்தோம், முந்திவிட்டது. வைகாசியில் எங்கள் ஊர் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்தால், குளிர்த்தி பாடி அம்மனைக் குளிர்வித்துச் சடங்கு முடியும்வரை ஊருக்குள் மீன், இறைச்சி வராது. யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை, மீன்காரரும் அந்த நாட்களில் எங்கள் பக்கம் வண்டியைத் திருப்பமாட்டார். அந்த வருடம் என் கணவரின் குடிக்கு, அதாவது தாய்வழி வம்சத்துக்கு, சடங்கு நடத்தும் கோயில் முறை வந்திருந்தது. அவர் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டியவர் சடங்கு முடியும்வரை ஊர் எல்லை தாண்டக்கூடாது. மரக்கறி வாங்கி வைத்தோம், புதுச் சட்டி வாங்கி வைத்தோம், வீடு கழுவினோம். சடங்கென்றால் மீன் இல்லை என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும். மீன் இல்லையென்றால் ஐஸும் இல்லை என்பது மட்டும் வீட்டில் ஒருவர் மூளைக்கும் எட்டவில்லை.

கோயில் கதவு இரவில் திறந்தது. மறுநாள் காலை, மீன்காரரின் ஹோன் சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டு நின்றேன். எங்களோடு இருக்கும் என் அம்மா குசினியிலிருந்து, “என்ன புள்ள பாத்துக்கொண்டு நிக்காய், சடங்குக்குள்ள மீன்காரன் வருவானா?” என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கும் விளங்கியது. இரண்டு பேரும் ஓடிப் போய்ப் பெட்டியைத் திறந்தோம். பையில் தண்ணீர்தான் இருந்தது. தொட்டுப் பார்த்தேன், குளிர் இருக்கிறது, ஆனால் குறைந்துகொண்டிருக்கிறது. வெளியே வைகாசி வெயில் கொளுத்தத் தொடங்கியிருந்தது.

கோயிலுக்கு ஆள் அனுப்பினேன். கணவர் ஓடி வந்தார். எல்லை தாண்ட முடியாது. அவர் தலையில் கை வைத்து நின்ற நேரம், கோயில் வீதியில் குச்சி ஐஸ் விற்கும் ஐஸ்பழக்காரனின் மணி கேட்டது. அவ்வளவுதான், மனிதர் காப்புக் கட்டிய கையோடு பாய்ந்து போய் அவனிடம் இருந்த ஐஸ்பழம் முழுவதையும் வாங்கிவிட்டார். பிள்ளைகள் கையில் சில்லறையை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். என்னிடம் படிக்கும் ஒருத்தி, “ரீச்சர்ட மாமாக்குப் பேராசை” என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டாள். சிவப்பும் மஞ்சளுமாக ஐஸ்பழங்களைப் பையில் கட்டிப் பெட்டிக்குள் வைத்தோம். ஆனால் அது எத்தனை நேரம் தாங்கும்? அப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். விற்ற வயலும், கடைசித் தடவையும், பிரிட்ஜ் கதவில் கை வைத்து நின்ற அந்த மனுசியும் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் உருகிக்கொண்டிருந்தது.

புளியமரத்தடியில் நின்றால்தான் எங்கள் ஊரில் போன் எடுக்கும். அங்கே போய் அன்ரிக்கு எடுத்தேன். அழுகையில் என்ன சொன்னேனோ தெரியாது. ஐஸ், அம்மன், மீன், ஐஸ்பழம் என்று எல்லாம் கலந்து சொல்லியிருப்பேன். அவர் என்னை முடிக்க விடவில்லை. “பெட்டியத் தூக்கிக்கொண்டு அடுத்த பாதையில ஏறு. நான் இஞ்சால கரையில நிப்பன். உடுப்பும் எடு, ஊசி முடியுமட்டும் எங்கட வீட்டதான்” என்றார்.

அம்மாவுக்குத்தான் மனமில்லை. சடங்கு நாளில் ஊரை விட்டு, அதுவும் மீனும் இறைச்சியும் சமைக்கும் வீட்டில் போய் இருப்பதா? கணவர் காப்புக் கட்டியிருக்கும்போது மனைவி அப்படிச் செய்தால் ஏதும் வந்துவிடாதா? எனக்கும் அந்தப் பயம் இல்லாமல் இல்லை. ஆனால் கணவர் ஒரே சொல்லில் முடித்தார். “அம்மாள் கோவிச்சா என்னோட கோவிக்கட்டும், நீ போ.” கோயில் முறைக்காரரே அப்படிச் சொன்ன பிறகு அம்மா என்ன சொல்வார்? கிளம்பும்போது என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டார், பெட்டி மூடியிலும் பூசிவிட்டார்.

பஸ் பிடித்துத் துறைக்கு வர மத்தியானமாகிவிட்டது. பாதையில் பெட்டியை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டு இருந்தேன். வாவி அன்று அகலமாகிவிட்டது போல இருந்தது. அக்கரையில், குடையை விரித்துப் பிடித்தபடி அன்ரி நிற்பது தூரத்திலேயே தெரிந்தது. பக்கத்தில் அவர் கணவர் மோட்டார் சைக்கிளோடு. இறங்கியதும் அன்ரி தன் பையிலிருந்து கேக் தட்டொன்றை எடுத்தார். அதில் ஐஸ் பாளமாக உறைந்து இருந்தது. நான் அதை வாங்கக் கை நீட்டியதும் அவர் சொன்னதை எழுத்துக்கு எழுத்து சொல்ல முடியும். “பயப்படாத. இது கேக் போடுற தட்டு. மீன் பட்டதே இல்ல. கரையில மீன்காரரிட்ட ஐஸ் இரிக்கி, உங்கட கோயில் கதவு திறந்திரிக்கே எண்டு நான் வாங்கல்ல.”

கரையெல்லாம் மீன் ஐஸ் விற்கும் இடத்தில், அவர் தன் வீட்டுத் தட்டில் உறைய வைத்து எடுத்து வந்திருந்தார். நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருக்கவில்லை.

வீட்டுக்குப் போய்க் கொழும்புக்கு எடுத்துக் கேட்டோம். நர்ஸ் எல்லாவற்றையும் பொறுமையாக விசாரித்து, பெட்டிக்குள் குளிர் விட்டுப் போகவில்லை, மருந்துக்குப் பழுதில்லை என்றார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. பெட்டியைத் திறந்தால் மருந்து அட்டையெல்லாம் சிவப்புச் சாயம். “மருந்துக்கும் ஐஸ்பழம் தீத்தினீங்களா?” என்று அன்ரியின் கணவர் கேட்க, முதல் தடவையாக அந்த வீட்டில் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தோம்.

மருந்து மறுபடி அதே பிரிட்ஜில் போய் இருந்தது. ஊசி போடுவது அன்ரியேதான். தனக்குத் தானே போட்டுப் பழகிய கை. பின்னேரம் மணி அடித்தது போல வந்து, “அங்கால பார்” என்பார். ஊசி ஏறும்போது அவர் உதடு அசையும். மாதாவிடம் சொல்லிக்கொள்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் என் பங்குக்கு எங்கள் அம்மாளிடம் சொல்லிக்கொள்வேன். எந்தப் பக்கம் முதலில் கேட்டதோ தெரியாது.

அந்த நாட்களில் அவர் வீட்டில் நான் ஒரு துண்டு மீனைக் காணவில்லை. முதல் நாள் ஏதோ இல்லை என்று நினைத்தேன். இரண்டாம் நாள் பூசணிக்காய், பயற்றங்காய், கீரை. சட்டியைப் பார்த்தால் புத்தம் புதுசு. “எனக்காக வேணாம் அன்ரி, நீங்க வழமையாச் சமைங்க” என்றேன். கேட்கவே இல்லை. அவருடைய கணவருக்கு மீன் இல்லாமல் சோறு இறங்காது. சோற்றுப் பீங்கானைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி, “அம்மன் எப்ப கதவு சாத்துவா?” என்று தினமும் என்னிடம் இரகசியமாகக் கேட்பார்.

குளிர்த்தி முடிந்த அடுத்த நாள் கடைசி ஊசி. குப்பி முடிந்தது. வெறும் பெட்டியை நான் குப்பைக் கூடையில் போடப் போனேன். அன்ரி அதை என் கையிலிருந்து வாங்கினார். கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கதிரையில் உட்கார்ந்து அழுதார். நான் அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் அழுது பார்க்கவில்லை. நான் அவர் காலடியில் உட்கார்ந்துகொண்டேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “பட்டர எடுக்கத் திறந்தாலும் இதுதான் கண்ணில படும் புள்ள. இனி அந்தக் கதவ நான் சும்மா திறப்பன்” என்றார். பெட்டியை அவரே கூடையில் போட்டார்.

கொழும்பில் மற்றவையெல்லாம் நடந்து, ஊருக்கு வந்து காத்திருந்து, கடைசியில் நல்ல செய்தி கிடைத்தது. எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் கூடுதல். இதை எப்படி அன்ரியிடம் சொல்வது? அவருக்குக் கிடைக்காதது அவருடைய மருந்தால் எனக்குக் கிடைத்திருக்கிறது. போனில் சொல்ல மனம் வரவில்லை. நேரே போனேன். வழி முழுக்க எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் பாடமாக்கிக்கொண்டே போனேன். கேற்றைத் திறந்து வாசலில் ஒரு காலைப் பார்த்துப் பார்த்து வைத்ததுதான் தாமதம், தையல் மெசினில் இருந்த அன்ரி நிமிர்ந்து பார்த்துவிட்டு எழுந்து ஓடி வந்தார். பாடமாக்கியது ஒன்றும் தேவைப்படவில்லை. “இந்த நிலையில பாதையிலயும் பஸ்ஸிலயுமா வந்தாய், உனக்கு அறிவில்லையா?” என்று வாசலில் வைத்தே பேச்சு விழுந்தது. ஏசிக்கொண்டே என்னைக் கட்டிப் பிடித்தார். அவருக்குப் பின்னால் அவர் கணவர், “இண்டைக்காவது மீன் பொரிக்கலாமா?” என்றார்.

எங்களுக்கு மகள் பிறந்தாள். அவள் பிறந்த பிறகு வந்த வைகாசியில், கோயில் கதவு திறந்த அன்று, பிள்ளையின் குரலைக் கேட்கட்டும் என்று அன்ரிக்குப் போன் எடுத்தேன். என்ன சமையல் என்று சும்மா கேட்டேன். பூசணிக்காய் என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “இனி ஏன் அன்ரி? நான் அங்க இல்லையே. அம்மனுக்கு ஏதும் நேர்த்தி வச்சீங்களா?” என்றேன். “எனக்கு மாதா இருக்கிறா, உங்கட அம்மனோட எனக்கென்ன கதை. இது என்ட புள்ளைக்கு” என்றார். பின்னால் அவர் கணவர் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

இப்போது வாவிக்கு மேல் பாலம் இருக்கிறது, எங்கள் குசினியில் பிரிட்ஜும் இருக்கிறது, ஐஸுக்காக யாரையும் பார்த்து நிற்க வேண்டியதில்லை. ஆனாலும் ஒவ்வொரு வைகாசியிலும் எங்கள் ஊரில் மீன் வாசமே இல்லாத அந்த நாட்களில், வாவிக்கு அந்தப் பக்கம் ஒரு கிறிஸ்தவ வீட்டிலும் என் மகளுக்காக மீன்சட்டி அடுப்பேறாமல் இருக்கிறது என்று நினைக்கும்போது, அவள் எங்கள் வீட்டில் மட்டும் பிறந்தவள் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது.